காலால் பிறந்தவனின் இடுப்பு

மூட்டை சுமக்கும் தம்பிகளே, போன செவ்வாய்க்கிழமை காலையில் உங்களில் இரண்டு பேர் என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். ஒருவன் நிமிர முடியாமல் மற்றவன் தோளைப் பிடித்திருந்தான். "அண்ணே, ஒரு மிதி மிதிச்சு விட்டீங்கன்னா அப்படியே வண்டிக்குப் போயிருவேன்" என்றான். கையில் இருந்த செம்பை நான் அவன் மேல் எறியாத குறைதான். தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தி விரட்டினேன். கிழவனுக்குக் காலில் கொழுப்பு ஏறிவிட்டது என்று நீங்கள் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு வந்து, அதைப் படித்து எவனாவது இடுப்பைக் கெடுத்துக்கொள்வானோ என்ற பயத்தில் ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படித்துப் பார்க்கிறேன். கோபத்தை மட்டும் குறைக்க முடியவில்லை.

மூட்டையை எப்படிப் பிடிப்பது, கொக்கியை எங்கே போடுவது, மூட்டைகளை அட்டியாக எப்படி அடுக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை.

நான் காலால் பிறந்தவன். தாய் வயிற்றிலிருந்து தலை வராமல் கால் முதலில் வந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு தானியக் கிட்டங்கியில் நான் சுமைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் வண்டிகள் வருவதற்கு முன்னால் மூன்று நான்கு பேர் மூட்டைகள் மேல் குப்புறப் படுத்திருப்பார்கள். நான் விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடது காலை அவர்கள் இடுப்பில் வைத்து மூன்று தரம் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். எலும்பு முறிந்தால்? மூச்சு நின்றுவிட்டால்? ஆனால் எழுந்தவன் இடுப்பை ஆட்டிக் காட்டி "விட்டிருச்சுண்ணே" என்பான். சிலருக்கு உண்மையாகவே விட்டது. சதை பிடித்திருந்தால் எது செய்தாலும் விடும். ஒன்றுமே செய்யாமல் இரண்டு நாள் கிடந்தாலும் விடும். அது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் மேஸ்திரிக்குத் தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு நாள் ஓய்வு கேட்டு நின்றவனிடம் அவர் ஒன்றையே சொல்வார்: "காலால பொறந்தவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடா ஓய்வு? ஒரு மிதி வாங்கிட்டு வண்டிக்குப் போ." நான் சேர்வதற்கு முன்னால் இடுப்பு பிடித்தவன் வீட்டில் படுத்தான். நான் வந்த பிறகு எவனும் படுக்கவில்லை. இதை எத்தனை வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எனக்கு முப்பது வயது ஆனபோது என் இடுப்பு போனது. ஒரு நாளில் போகவில்லை. முதலில் காலையில் குனிந்து முகம் கழுவ முடியவில்லை. பிறகு சாப்பிட்டு எழுந்திருக்கச் சுவர் வேண்டியிருந்தது. பிறகு தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு போனவனை மேஸ்திரி கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டார் என்பது ஒரு பயம். இன்னொன்று வெட்கம். காலால் பிறந்தவனுக்கே இடுப்பு வலி என்றால் என் காலை யார் நம்புவார்கள்?

என் மனைவி பேச்சியம்மாளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்வாள்:

"ஊர் முதுகையெல்லாம் மிதிக்கிற காலு, சொந்த முதுகுக்கு எட்டலையாக்கும்."

"கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கப்போகுது."

"கேக்கட்டுமே. அவரு இடுப்பையும் நீதான மிதிச்ச. இன்னும் சாஞ்சுக்கிட்டுத்தான் நடக்காரு மனுசன்."

இரண்டு வருஷம் நான் ஓடாத இடமில்லை. நொச்சி இலையைக் கட்டினேன். ஒருவர் வாயு என்றார், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். இன்னொருவர் சூடு என்றார். தலையில் எண்ணெயாகத் தேய்த்தேன். அலங்காநல்லூருக்கு அப்பால் ஒருவர் கம்பியைக் காய்ச்சி இடுப்பில் மூன்று இழுப்பு இழுத்தார். அந்தப் புண் ஆற ஒரு மாதம் ஆனது. புண் வலியில் இடுப்பு வலி தெரியவில்லை. அதையே குணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருவராவது, ஒரே ஒருவராவது, "நீ என்ன வேலை பார்க்கிறாய், எப்படித் தூக்குகிறாய்?" என்று கேட்கவில்லை. இடுப்பு என்னவோ தானாக வானத்திலிருந்து விழுந்து கெட்டுப்போன மாதிரி!

கேட்ட ஒரே ஆள் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் ஒரு கம்பவுண்டர். பெயர் கூட எனக்குத் தெரியாது. மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கும். வரிசையில் நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுத் தனியே கூப்பிட்டார்.

"மூட்டையா?"

"ஆமாங்க."

"வலி இடுப்போட நிக்குதா, காலுக்கு இறங்குதா?"

"இடுப்போடதாங்க."

"கால் மரத்துப் போகுதா? கட்டைவிரல் தூக்க முடியுதா?"

தூக்கிக் காட்டினேன்.

"அப்படின்னா பொழச்ச. என்னைக்காவது காலு மரத்துச்சுன்னா, அன்னைக்கு எவனையும் இடுப்பைத் தொட விடாத. அமுக்கவோ மிதிக்கவோ கூடாது. நேரா இங்க வந்து படு. புரியுதா? உள்ள நரம்பு நசுங்கிக் கெடக்கும். மேல மிதிச்சா அறுந்து போனதுக்குச் சமானம்."

புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எனக்குத் தெரிந்திருந்தது.

முத்திருளன் ஆனையூர்க்காரன். என்னை விட நாலு வயது இளையவன். எங்கள் கிட்டங்கியில் அவனைப் போல மூட்டையோடு ஓடுகிறவன் கிடையாது. அந்த வருஷம் கடலை அமோகமாக விளைந்து, ஒரு நாள் காலை வீதி முனை வரை வண்டிகள் நின்றன. அன்றைக்கு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேஸ்திரி வாசலில் நின்றார்.

"என்னடா மாப்பிள்ளை ஊர்வலம்?"

"இடுப்புங்க. நேத்து அடி அட்டியில இருந்து தூக்கும்போது என்னவோ ஆயிப்போச்சு."

"போ, போய்ப் படு. ஏப்பா காலுப் பொறப்பு, இவனைக் கவனி. வெரசா. வண்டிக்காரய்ங்க என் உசுர எடுக்கிறாய்ங்க."

முத்திருளன் மூட்டை மேல் குப்புறப் படுத்தான். நான் கயிற்றைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் அவன் தலையைத் திருப்பி மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, வலி அம்புட்டு இல்லண்ணே. ஆனா வலது காலு என்னவோ என் காலு மாதிரியே இல்ல. செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியல."

கம்பவுண்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இவனை மிதிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேஸ்திரி கேட்பார்: "உனக்கு யாரு சொன்னா? நீ எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன?" என் இடுப்பு வெளியே வந்துவிடும். நானும் போக வேண்டியதுதான். வீட்டில் மூன்று பிள்ளைகள். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. பின்னால் மேஸ்திரி, "என்ன சாமி கும்பிடுறியா? மிதிப்பா!" என்றார்.

மிதித்தேன்.

மெதுவாகத்தான் மிதித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெதுவாக மிதித்தால் மட்டும் என்ன? அவன் எழுந்தான், மூன்று மூட்டை தூக்கினான். நாலாவது மூட்டைக்குக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்தான். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கியும் வலது பாதம் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. மாலை வரை அவனுக்கு ஒன்றுக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மேஸ்திரி, "அவன் ஒழுங்காப் படுக்கல, அதான்" என்றார்.

தம்பிகளே, இதை ஒரு தரம் நிறுத்திப் படியுங்கள். கால் மரத்தாலும் பாதம் தொங்கினாலும் ஒன்றுக்குப் போக முடியாவிட்டாலும் அது பிடிப்பு இல்லை. அன்றைக்கு எண்ணெய் வேண்டாம். மிதி வேண்டாம். எந்த மேஸ்திரியின் வண்டியும் வேண்டாம். ஆஸ்பத்திரிதான்.

இரண்டு மாதம் கழித்து அவனைப் பார்க்க ஆனையூருக்குப் போனேன். கட்டிலில் கிடந்தான். ஒன்றுக்கு இரண்டுக்கு வழக்கம்போல் ஆகிவிட்டது, பாதம்தான் வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன், "நீ என்னண்ணே செய்வ, என் நேரம்" என்று எனக்கு மோர் கொடுக்கச் சொன்னான். அதைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்தேன். இதை விடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை. மிதித்தது கூட இதற்கு அடுத்ததுதான்.

திரும்பும் வழியில் இடுப்பு என்னை நடக்க விடவில்லை. சாலையோரம் ஒரு சுமைதாங்கி. அப்போதெல்லாம் வழிக்கு வழி இருந்த கல்தான்: இரண்டு கல் ஊன்றி, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள், தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ள. அதில் சாய்ந்து நின்றேன். டவுனுக்குப் புல் விற்கப் போகும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கல்லை ஒட்டி நின்று, தலையைச் சற்றே சாய்த்து, தலையிலிருந்த புல்லுக்கட்டைக் கல் மேல் நகர்த்தினாள். குனியவே இல்லை. வெற்றிலை போட்டார்கள். கிளம்பும்போது கட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, முழங்காலை மட்டும் நிமிர்த்தி, போய்க்கொண்டே இருந்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்ததை ஒருத்தி கவனித்துவிட்டாள்.

"என்னய்யா, பொம்பளையப் பாத்ததில்லையா?"

"இல்ல தாயி, அந்தக் கட்டு என்ன கனம் இருக்கும்னு பாத்தேன்."

"நீ என்ன வேலை?"

"மூட்டை சுமக்கிறேன். கிட்டங்கியில."

"நடுவுல எங்க இறக்கி வைப்பிய?"

"இறக்க மாட்டோம்."

"ஏன், ஆம்பளைக்கு இறக்கி வைக்கத் தெரியாதா?" என்றாள். நாலு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சிரிக்க வேண்டியதுதான். எங்கள் கிட்டங்கியில் ஒரு வழக்கம். தூக்கிய மூட்டையை வழியில் இறக்கினவனை ஒரு மாதத்துக்கு எல்லோரும் மதினி என்று கூப்பிடுவார்கள். "மதினி, தண்ணி மொண்டு தாங்க." அதற்குப் பயந்தே கண் இருட்டினாலும் எவனும் இறக்க மாட்டான். ஏற்றுகிற முறை அதை விட மோசம். சுமக்கிறவன் வளைந்து நிற்பான். இரண்டு பேர் தரையிலிருந்து மூட்டையைத் தூக்கி அவன் முதுகில் எறிவார்கள். அவ்வளவு கனமும் ஒரே அடியாக இடுப்பில் இறங்கும். எத்தனையோ வருஷம் அதையே வீரம் என்று வாங்கிக்கொண்டிருந்தோம். சிரித்த அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மேல்தான் வந்தது.

மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னேன். கிட்டங்கி நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. மூட்டையை இரண்டு பேர் கொக்கி போட்டு அதில் வைக்கட்டும். சுமக்கிறவன் திரும்பி நின்று, முதுகை ஒட்ட வைத்து, மெதுவாக வாங்கிக்கொண்டு போகட்டும். களைத்தவன் அங்கேயே இறக்கட்டும்.

"கிட்டங்கி என்ன வழிப்போக்கன் சாவடியா?" என்றார். "நேரம் யாரு அப்பன் வீட்டு நேரம்? போ, அங்க ஒருத்தன் படுத்துக் கெடக்கான். மிதி."

படுத்திருந்தவனைப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்தேன். கை போகவில்லை.

"மிதிக்க மாட்டேன்."

"என்னது?"

"இனிமே எவனையும் மிதிக்க மாட்டேன். என் இடுப்பே ரெண்டு வருஷமா செத்துக் கெடக்கு. என் காலுல மருந்தும் இல்ல, மயிரும் இல்ல. முத்திருளனுக்குக் காலு மரத்துப் போச்சுன்னு அவன் சொன்னான். மிதிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே மிதிச்சேன். நீங்க பின்னாடி நின்னீங்க, நான் மிதிச்சேன்."

எல்லோரும் என் பக்கம் வந்து நின்றார்கள் என்று எழுத ஆசைதான். யாரும் வரவில்லை. படுத்திருந்தவன் கூட, "எனக்குக் காலு மரக்கலைய்யா, எனக்கு மட்டும் மிதிச்சிட்டுப் போ" என்றான். மேஸ்திரி வாசலைக் காட்டினார். வெளியே வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எனக்கு வந்த யோசனைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் சோறு கேட்டு அழுவதை அழுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்தது. நாலு பேர் இடுப்பு பிடித்து எழுந்திருக்கவில்லையாம், வண்டிகள் நிற்கின்றனவாம். மேஸ்திரி சொல்லி அனுப்பியது இதுதான்: "இடுப்பு போனா என்ன, காலு இருக்குல்ல? நீ மூட்டையே தூக்க வேணாம். காலையில வந்து மிதிச்சிட்டு மட்டும் போ. பழைய கூலியே வாங்கிக்க."

தம்பிகளே, என் வலிக்கு அதுவரை எவனும் சொல்லாத மருந்து அது. இனிமேல் குனிய வேண்டாம், சுமக்க வேண்டாம். மற்றவன் முதுகில் ஒரு காலை வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயேன்யா. உனக்கு ஒரு விடிவுதானே. எதுக்கு யோசிக்கிற?"

ஆனையூரில் மோர் குடித்துவிட்டு வந்ததை அவளிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகச் சொன்னேன். அவள் எழுந்து போய், வாசலில் நின்ற ஆளிடம் அவளே சொன்னாள்: "மேடை போட்டா தூக்க வாரேன்னு சொல்றாரு. மிதிக்க வரமாட்டாராம். போய்ச் சொல்லு. மோர் வேணுமா உனக்கு?"

அடுத்த வாரம் மேடை வந்தது. நியாயம் தோன்றி வரவில்லை. மிதி நின்றதும் இடுப்பு பிடித்தவர்களெல்லாம் பழையபடி வீட்டில் படுக்க ஆரம்பித்தார்கள், வண்டிகள் நின்றன, முதலாளி சத்தம் போட்டார். நாலு கருங்கல், ஒரு உடைந்த வண்டியின் பலகை. முதலாளியிடம் அது தராசு வைக்க என்று மேஸ்திரி சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும். முதல் நாள் அதில் மூட்டையை இறக்கி வைத்தவன் நான்தான். பத்து நாள் என்னை மதினி என்று கூப்பிட்டார்கள். பதினோராவது நாள் அவர்களும் இறக்கினார்கள். அப்புறம் யாரை யார் கூப்பிடுவது?

என் வலி ஒரே நாளில் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் நானும் அந்தக் கம்பி காய்ச்சின ஆளும் ஒன்று. எறிந்து ஏற்றுவது நின்ற இரண்டு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். நாலு மாதத்தில் தும்மினேன், கண்ணில் தண்ணீர் வரவில்லை. மழைக்காலத்தில் இன்றைக்கும் வலிக்கும், நடந்தால் விடும். அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் சுமந்தேன். உலகச் சண்டை முடிந்த வருஷம்தான் கொக்கியைக் கழற்றி வைத்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். வலி உங்கள் உடம்பில் இருந்தாலும் அதற்குக் காரணம் உங்கள் வேலையில் இருக்கிறது. அங்கே கை வைக்காமல் இடுப்பில் எதைத் தேய்த்தாலும் வீண்.

மேடை போட்ட மூன்றாம் மாதம் முத்திருளன் கிட்டங்கிக்கு வந்தான். நான்தான் மறுபடி ஆனையூருக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு, மாட்டு வண்டியில் அழைத்து வந்தேன். திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை. வண்டிக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். எனக்கு அது மோரை விட நன்றாக இருந்தது. அவனால் கம்பை ஊன்றி நாலு எட்டுதான் வைக்க முடிந்தது. நானும் இன்னொருவனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி மேடை மேல் உட்கார வைத்தோம். தொங்கும் பாதத்தோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி வந்தார். அவனைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏப்பா, அது மூட்டை வைக்கிற இடம். ஆளு உக்கார இல்ல."

முத்திருளன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நானும் மூட்டைதானே மேஸ்திரி. ரெண்டு பேரு தூக்கித்தான வச்சாய்ங்க."

மேஸ்திரி வெளியே போய்விட்டார். வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. நாங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். அவனாக "போதும், இறக்குங்கடா" என்று சொல்லும் வரைக்கும் அன்று ஒரு மூட்டையும் நகரவில்லை.